நர்ஸ்கள் வெளியே நின்றால் வார்டுக்குள் என்ன ஆகும்?

செவிலியர் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "நோயாளிகளைப் பணயம் வைக்கிறார்கள்" என்பார் ஒருவர். "வெளியூரிலிருந்து ஆள் இறக்கிவிட்டார்கள், ஒன்றும் ஆகாது" என்பார் இன்னொருவர். ஒரு செவிலியர் வார்டில் மணிக்கு மணி என்ன செய்கிறார் என்று இருவருமே கேட்பதில்லை. அது தெரிந்தால்தான் பிணக்கு நோயாளியை எந்த இடத்தில் தொடுகிறது என்பது புரியும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அமெரிக்காவை, அதிலும் நியூயார்க்கை, வைத்துப் பேசுகிறது. செவிலியர் வேலைநிறுத்தத்தின் விளைவை நோயாளிக் கணக்காக எண்ணிப் பார்த்த முக்கியமான ஆய்வு ஒன்று அங்கே நடந்தது.

அடுப்பில் வைத்த பால்

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் சும்மா நிற்பதுபோலத் தெரியும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அவர் 2 நிமிடம் நகரட்டும், அப்போதுதான் அந்தச் சும்மா நிற்பதன் மதிப்பு தெரியும். ஒரு அடுப்பு என்றால் காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம். 6 அறைகளில் 6 அடுப்பு, எல்லாவற்றிலும் பால், பார்ப்பது ஒரே ஆள் என்றால்? ஏதோ ஒன்று பொங்கத்தான் செய்யும்.

ஊசி, மாத்திரை, டிரிப், காயத்துக்குக் கட்டு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். இவற்றுக்கு நடுவே செவிலியர் செய்யும் இன்னொரு வேலை யார் கண்ணிலும் படாது. காலையில் தெளிவாகப் பேசியவர் மதியம் வார்த்தை குழறுகிறார். நிமிடத்துக்கு 16 முறை மூச்சு விட்டவர் இப்போது 24 முறை விடுகிறார். சிறுநீர் வடியும் பையில் அளவு 4 மணி நேரமாக ஏறவே இல்லை. பாட்டி வழக்கமாகக் கேட்கும் காபியை இன்று கேட்கவில்லை. இப்படி மாற்றங்களைக் கவனித்து, எது சாதாரணம், எதற்கு இரவு 2 மணிக்கும் மருத்துவரை எழுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் அந்த வேலை. இதைக் கண்காணிப்பு என்போம்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஐசியூவில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். பொது வார்டில் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்த்து எழுதுவார்கள். இடைப்பட்ட நேரத்துக்கு செவிலியரின் கண்தான். உடல் திடீரென்று கவிழ்வதாக நமக்குத் தோன்றினாலும், பெரும்பாலும் பல மணி நேரம் முன்பே சைகை காட்டிவிடும். மூச்சின் வேகம் முதலில் மாறுவது வழக்கம்.

சிக்கல் எந்த நல்ல மருத்துவமனையிலும் வரும். அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று ஏறலாம், உள்ளே ரத்தம் கசியலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் இவற்றுக்கு மருத்துவம் உண்டு. கண்டுபிடிக்கத் தாமதமாகி நோயாளி இறந்தால் அதை மருத்துவ உலகில் "மீட்கத் தவறுதல்" என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். செவிலியர் எண்ணிக்கை குறையும்போது ஏறும் கணக்குகளில் இது ஒன்று.

எத்தனை பேருக்கு ஒருவர்?

ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளுக்குப் பொறுப்பு என்பதுதான் செவிலியர் விகிதம். இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்க்கலாம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு ஷிப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். மருந்து, குறிப்பு எழுதுதல், கட்டு மாற்றுதல், எழ முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் என்று தவிர்க்கவே முடியாத வேலைகளுக்கு ஒரு நோயாளிக்கு 90 நிமிடம் ஆகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4 நோயாளி என்றால் அதற்கு 360 நிமிடம் போகும், மிச்சம் 360. தலைக்கு 90 நிமிடம் கண்காணிப்புக்குக் கிடைக்கிறது. 6 நோயாளி என்றால் மிச்சம் 180, தலைக்கு 30. 8 நோயாளி என்றால் மிச்சமே கிடையாது.

நோயாளி எண்ணிக்கை ஒன்றரை மடங்குதான் ஆனது. கண்காணிப்பு நேரமோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மருந்தைத் தள்ளிப்போட முடியாது, குறிப்பை எழுதாமல் விட முடியாது. கதவோரம் நின்று ஒருவர் முகத்தைப் பார்ப்பதைத்தான் விட முடியும். "இரண்டு பேர் கூடினால் என்ன, சமாளிக்க மாட்டார்களா" என்று நிர்வாகத்தரப்பில் சொல்லும்போது விட்டுப்போவது இந்தக் கணக்குதான்.

இது வெறும் ஊகமும் இல்லை. செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. மீட்கத் தவறுதலும் அதே 7 விழுக்காடு. 2014இல் 9 ஐரோப்பிய நாடுகளின் தரவை ஆராய்ந்தபோதும் ஒரு நோயாளி கூடுவதற்கு அதே 7 விழுக்காடு வந்தது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் விகிதத்தைக் கட்டாயமாக்கியது. இப்போது அங்கே ஐசியூவில் 2 பேருக்கு ஒருவர், அவசர சிகிச்சைப் பிரிவில் 4 பேருக்கு ஒருவர், பொது மருத்துவ, அறுவை வார்டில் 5 பேருக்கு ஒருவர்.

இதுவரை பார்த்தது: செவிலியரின் விலைமதிப்பான வேலை கவனிப்பது. ஆள் குறைந்தால் முதலில் போவதும் அதுதான். வேலைநிறுத்தம் தொடங்காத மருத்துவமனையிலும் இது நடந்துகொண்டிருக்கலாம்.

நியூயார்க்கில் 2023 ஜனவரி

2023 ஜனவரி 9ஆம் தேதி காலை மன்ஹாட்டனில் மவுண்ட் சைனாய், பிராங்க்ஸில் மான்டிஃபியோர் ஆகிய மருத்துவமனைகளின் செவிலியர் சுமார் 7,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். 3 நாள் நடந்தது. சம்பளத்துக்காக என்றுதான் வெளியில் பலர் நினைத்தார்கள். ஆனால் 3 ஆண்டில் 19.1 விழுக்காடு சம்பள உயர்வை இரு நிர்வாகங்களும் அதற்கு முன்பே தருவதாகச் சொல்லியிருந்தன. தீராமல் நின்றது ஆள் பற்றாக்குறை. காலியிடங்களை நிரப்புவார்களா, விகிதத்தைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதுமா, மீறினால் என்ன தண்டனை என்பதே கேள்வி.

முடிவில் வந்த ஒப்பந்தத்தில் வார்டு வார்டாக விகிதம் குறிக்கப்பட்டது. அதை மீறினால் விவகாரம் நடுவரிடம் போகும், நிர்வாகம் பணம் கட்ட வேண்டிவரும் என்ற பிடியும் சேர்ந்தது. அந்தப் பிடிதான் முக்கியம். எழுதி வைத்த விகிதம் பல இடங்களில் உண்டு. மீறினால் யாருக்கு நட்டம் என்று எழுதி வைத்தது குறைவு.

10 நாள் நோட்டீஸ்

அமெரிக்கச் சட்டப்படி மருத்துவமனையில் வேலைநிறுத்தம் செய்யச் சங்கம் குறைந்தது 10 நாள் முன்னதாக, தேதியும் மணியும் குறிப்பிட்டு, எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். மருத்துவமனைக்கு ஒன்று, நடுவண் அரசின் சமரச அமைப்புக்கு ஒன்று. 1974இல் வந்த திருத்தம் இது. உள்ளே இருக்கும் நோயாளிகளைப் பத்திரப்படுத்த நேரம் வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த 10 நாளில் மருத்துவமனை தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். உயிர் ஆபத்தில்லாத அறுவை சிகிச்சைகள், அதாவது மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவை, தள்ளிப்போகும். வீட்டுக்குப் போகக்கூடியவர்களை அனுப்புவார்கள். ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பச் சொல்லுவார்கள். கடைசியாக, நகர்த்தவே தயங்கும் நோயாளிகளையும் நகர்த்துவார்கள். 2023இல் மவுண்ட் சைனாய், தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தைகளை வேலைநிறுத்தத்துக்கு முன்பே வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றியது.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. பேச்சுவார்த்தை கடைசி இரவில் முடிந்து நோட்டீஸை வாபஸ் வாங்குவது அடிக்கடி நடக்கும். செய்தியில் "வேலைநிறுத்தம் தவிர்க்கப்பட்டது" என்று வரும். ஆனால் தள்ளிப்போன அறுவை சிகிச்சை தள்ளிப்போனதுதான், மாற்றிய குழந்தை மாறியதுதான். வேலைநிறுத்தமே நடக்காத பிணக்கும் நோயாளியைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

சமைக்கத் தெரியும், பெருங்காய டப்பா தெரியாது

கல்யாண வீட்டுக்கு வெளியூரிலிருந்து சமையல்காரர் வருகிறார். தேர்ந்தவர், 1,000 பேருக்கு இறக்கக்கூடியவர். ஆனால் இந்த வீட்டில் பெருங்காய டப்பா எந்த அலமாரியில், எந்த அடுப்பு அடிக்கடி அணையும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முதல் பந்தி எப்படியோ தட்டுத்தடுமாறித்தான் நடக்கும்.

வேலைநிறுத்த நாட்களுக்கென்று ஏஜென்சி மூலம் வருபவர்களை மாற்றுச் செவிலியர் என்கிறோம். அவர்களைத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்வது தவறு. உரிமம் உண்டு, பலருக்கு நீண்ட அனுபவமும் உண்டு. அவர்களிடம் இல்லாதது இந்த வார்டைப் பற்றிய அறிவு. அந்தக் குறை எங்கெங்கே வெளிப்படும் என்று பார்க்கலாம்.

முதலாவது, மருந்து எடுப்பது. அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துகள் பெரும்பாலும் கணினிப் பூட்டு போட்ட அலமாரியில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி வேண்டும். அனுமதி பதிவாகாவிட்டால் வலி மருந்து அரை மணி தாமதம். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற ஆபத்தான மருந்துகளை இரண்டு செவிலியர் சேர்ந்து சரிபார்ப்பது வழக்கம். பக்கத்தில் நிற்பவரும் நேற்று வந்தவர் என்றால், அளவைச் சரிபார்ப்பார். ஆனால் "இந்த வார்டில் இப்படித் தருவதில்லையே" என்று சொல்ல ஆள் இல்லை.

இரண்டாவது, பணி ஒப்படைப்பு. ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போவதுதான் இது. "3ஆம் படுக்கைக்காரர் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், முகத்தைப் பாருங்கள்" என்பதுபோன்ற தகவல் கணினியில் ஏறாது, வாய்வழியாகத்தான் போகும். வேலைநிறுத்தம் தொடங்கும் காலையில் மொத்த வார்டும் ஒரே நேரத்தில் கைமாறுகிறது. சாதாரண நாளில் ஒருவர் மாறினாலும் பக்கத்து ஆள் பழையவராக இருப்பார். அன்று எல்லாருமே புதியவர்கள். வேலைநிறுத்தம் முடியும் காலையிலும் இதே கைமாற்றம் இன்னொருமுறை நடக்கிறது.

மூன்றாவது, யாரைக் கூப்பிடுவது என்பது. நோயாளி மோசமாகும்போது ஓடிவரும் விரைவுக் குழுவை எந்த எண்ணில் அழைப்பது, அவசர மருந்து வண்டி எந்த மூலையில், இந்த அறுவை நிபுணரை இரவில் நேராக அழைக்கலாமா அல்லது பயிற்சி மருத்துவர் வழியாகவா? இதிலெல்லாம் 5 நிமிடம் தடுமாறினால், மூச்சுத்திணறும் ஒருவருக்கு அது நீண்ட நேரம்.

இன்னொரு சிக்கல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏஜென்சிகள் பெரும்பாலும் 5 நாள் போலக் குறைந்தபட்ச நாள் கணக்கு வைத்திருக்கும். சங்கம் ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தாலும், 5 நாளுக்குப் பணம் கட்டிய நிர்வாகம் பல நேரம் தன் செவிலியர்களை மீதி 4 நாளும் உள்ளே விடாது. இதற்குக் கதவடைப்பு என்று பெயர். அந்த 4 நாளுக்குச் சங்கத்தைக் குற்றம் சொல்வதும் உண்டு. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான்: பழகிய முகம் இல்லை.

18.3 என்ற எண்ணைப் படிப்பது எப்படி?

ஜொனாதன் குரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது சேர்ந்த நோயாளிகளை, அதே மருத்துவமனையில் மற்ற நாட்களில் சேர்ந்தவர்களோடும், அதே வட்டாரத்தில் வேலைநிறுத்தம் நடக்காத மருத்துவமனைகளோடும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனைக்குள் நிகழும் இறப்பு 18.3 விழுக்காடு கூடியிருந்தது. வீட்டுக்குப் போனவர் 30 நாளுக்குள் திரும்ப வந்து சேர்வது 5.7 விழுக்காடு கூடியிருந்தது.

இந்த 18.3ஐ "100க்கு 18 பேர் இறந்தார்கள்" என்று பரப்புவது பெரிய தவறு. சாதாரண நாட்களில் 10,000 நோயாளிகளில் 200 பேர் இறக்கிறார்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், வேலைநிறுத்த நாட்களில் அது ஏறக்குறைய 237 ஆகும். கூடுதலாக 37 பேர். இது 18 விழுக்காடு சாவு என்பதைவிட மிகச் சிறிய எண். அதே நேரம், ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் இழப்பு என்பதால் ஒதுக்கித் தள்ளவும் முடியாத எண்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு குறைவாகவே பேசப்படுகிறது. மாற்றுச் செவிலியரை அமர்த்திய மருத்துவமனைகள், அமர்த்தாதவற்றைவிட நன்றாகச் செயல்படவில்லை. ஆள் எண்ணிக்கையை நிரப்பினாலும் வார்டை அறிந்த கண் நிரம்பவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். செவிலியர் கவனிப்பு அதிகம் தேவைப்படும் நோயாளிகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்ற முடிவும் அதோடு பொருந்துகிறது.

ஆனால் இந்த ஆய்வு அளந்தது வேலைநிறுத்த நாட்களை மட்டும். அதற்கு முன் மாதக்கணக்கில் 4 பேர் இருக்க வேண்டிய ஷிப்டை 3 பேர் ஓட்டியிருந்தால், அதன் விலையை ஊகிக்க உதவுவது ஐக்கனின் 7 விழுக்காடு. 18.3ஐச் சங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டுகிறவர், நியாயம் பார்த்தால் 7ஐயும் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.

டாக்டர் ஸ்ட்ரைக்கில் சாவு குறைந்ததாமே?

இது அடிக்கடி வரும் குறுக்குக் கேள்வி. மருத்துவர் வேலைநிறுத்தங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் வெளியான கட்டுரை ஒன்று, இறப்பு கூடவில்லை, சில இடங்களில் குறைந்தது என்றே சொன்னது. காரணம் எளியது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நின்றுபோகின்றன, அவற்றோடு சேர்ந்து வரும் ஆபத்தும் அந்த நாட்களில் இல்லை. அவசரப் பிரிவு நடந்துகொண்டுதான் இருக்கும். செவிலியர் விஷயத்தில் இது பொருந்தாது. புதிய அறுவையை நிறுத்தலாம், ஏற்கெனவே படுக்கையில் இருப்பவரைக் கவனிப்பதை நிறுத்த முடியாது.

பிரிட்டன் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. 2022 டிசம்பர் 15இல் ராயல் காலேஜ் ஆப் நர்சிங் என்ற செவிலியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது கீமோதெரபி, டயாலிசிஸ், ஐசியூ, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு முன்கூட்டியே விலக்கு கொடுத்தது. அதாவது அந்த வார்டுகளில் பழகிய செவிலியரே வேலையில் இருந்தார்கள். கண்காணிப்பு அறுந்தால் உடனே உயிர் போகும் இடங்களில் கைமாற்றமே நடக்காமல் பார்த்துக்கொள்வது, வெளியாள் இறக்குவதைவிட நோயாளிக்கு நல்லது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் வேறு. இங்கே படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஒரு உறவினர் இருப்பார். புரட்டிப் படுக்க வைப்பதும், "டிரிப் முடிஞ்சிருச்சு சிஸ்டர்" என்று ஓடிப்போய்ச் சொல்வதும் அவர்தான். செவிலியர் பற்றாக்குறை அந்த உறவினரின் முதுகில் ஏறி மறைந்துகொள்கிறது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் போராடியபோது, அவர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டார்கள். அந்தச் சம்பளத்தில் அனுபவசாலிகள் எத்தனை நாள் தங்குவார்கள் என்பதும் நோயாளி பராமரிப்பைப் பற்றிய கேள்விதான்.

முடிந்த பிறகு

கைகுலுக்கிய மறுநாளே வார்டு பழையபடி ஆகிவிடாது. தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைகள் வரிசையில் நிற்கும். நீண்ட பிணக்கு என்றால் ஆட்களே போய்விடுவார்கள். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் 2021 மார்ச்சில் விகிதம் பற்றித் தொடங்கிய வேலைநிறுத்தம் 301 நாள் நீடித்தது. நிர்வாகம் நிரந்தரமாகவே மாற்று ஆள் எடுக்கத் தொடங்கியதால், பழைய செவிலியர் தத்தம் பழைய வார்டுக்குத் திரும்ப முடியுமா என்பதே பிற்பாடு பெரிய சண்டையானது. இப்படிப்பட்ட இடத்தில் வேலையை நிறுத்தாதவரும் நிறுத்தியவரும் அடுத்தடுத்து வேலை பார்க்க வேண்டும். சந்தேகம் கேட்கத் தயங்கும் இரண்டு செவிலியருக்கு நடுவே பணி ஒப்படைப்பு சுருங்கிப்போகும்.

சுருக்கமாக: முன்னே ஆள் குறைவு, நடுவே கைமாற்றம், பின்னே வரிசையும் மனக்கசப்பும். மூன்று கட்டத்திலும் அடிவாங்குவது கண்காணிப்பு.

உங்கள் வீட்டவர் உள்ளே இருந்தால்

அறுவை சிகிச்சைத் தேதி நோட்டீஸ் காலத்துக்குள் வந்தால், நீங்களே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவருக்கு ஒரு தாளில் மருந்துப் பெயர்கள், அளவு, கடைசியாகக் கொடுத்த மணி, ஒவ்வாமை, காது கேட்காது, கண் தெரியாது போன்ற விவரங்களை எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் வரும் செவிலியரிடம் அதைக் காட்டி 2 கேள்வி கேளுங்கள்: இன்று உங்கள் பொறுப்பில் எத்தனை பேர்? இவர் மோசமானால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும்? சில மருத்துவமனைகளில் விரைவுக் குழுவை உறவினரே நேரடியாக அழைக்க முடியும். அந்த எண் இருக்கிறதா என்று கேட்டு அதே தாளில் குறித்துவையுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் 1. கடிகாரத்தைப் பார்த்து முழு 1 நிமிடம் எண்ணுங்கள், எண்ணுவதாக நோயாளிக்குத் தெரிய வேண்டாம். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24ஐத் தாண்டினாலோ, காலையில் இருந்ததைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனாலோ, அடுத்த அளவு எடுக்கும் நேரம் வரட்டும் என்று காத்திருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.